சாம்பல் புள்ளி

…படக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இருந்தன, அதுதான் முதலில் கண்ணை உறுத்தியது, அதே பெயர், அதே எண், ஆனால் இரண்டில் ஒன்றின் தலையில் மட்டும் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோடு, அதைச் சொடுக்கினால் படம் வராது, திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், அளவைப் பார்த்தால் ஈயின் எடைதான், பிறகு இவை எதற்கு இங்கே இருக்க வேண்டும், யார் கேட்டார்கள் இவற்றை… அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தே வயதைக் கழித்தவருக்கு ஒரு வரியில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் கை தானாகவே ஒன்றை அடித்துவிடும், யோசனை பிறகுதான் வரும். அப்படித்தான் இன்று காலை காபி ஆறுவதற்குள் அத்தனை புள்ளிக் குட்டிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தார், கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார், பட்டியல் பாதியாகி ஒழுங்காக நின்றது, பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி, ஒரு நிம்மதி கூட வந்தது. அப்புறம்தான் படங்களைத் திறந்தார். சுவர், சுவர், உத்தரம், மாடிப்படி, மறுபடி சுவர்… எல்லாம் இருந்தது, எல்லாம் மொட்டையாக இருந்தது. அவர் மனைவியின் கணினியில் இதே படங்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், பச்சை இருக்கும், குட்டிக் குட்டிப் புள்ளிகள், கீழே அவள் எழுதி வைத்த ஒன்றிரண்டு வரிகள். இங்கே ஒன்றுமில்லை. எங்கே போயின? அங்கிருந்து இங்கே படியெடுத்து வந்த டிஸ்க்கிலிருந்து பாதி வழியில் உதிர்ந்துவிட்டனவா, உதிர்கிற பொருளா அது? அவர் இரண்டு கணினிகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருத்தாத பிரதியையும் திருத்திய பிரதியையும் வைத்துப் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தார். இடதுபுறம் அவளுடையது, வண்ணத்தோடு. வலதுபுறம் தன்னுடைய பழைய டப்பா, வண்ணமில்லாமல். படங்கள் ஒன்றேதான். ஒன்றே இல்லை.

இடதுபுறம் இருப்பது அவளுடையது என்று சொல்வதே இன்று ஒரு நாளைக்குத்தான். அது அலுவலகத்தின் சொத்து, சாயங்காலம் அங்கிருந்து, அவளோடு வேலை பார்த்த ஒரு பெண் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள், போனதும் உள்ளே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அவள் இறந்த பிறகு மூன்று மாதம் பொறுத்ததே பெரிது. பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கிற நிறுவனம் அது, எந்தச் சுவர் நிற்கும் எந்தச் சுவர் நிற்காது என்று எழுதிக் கொடுப்பது வேலை, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு வகைக் கணினி வைத்திருக்க அவள் மட்டும் எனக்கு அந்த இன்னொரு வகைதான் வேண்டும், வண்ணப் புள்ளி வைக்க வசதி என்று அடம்பிடித்து வாங்கினாள். அவளைப் பின்னால் 'விரிசல் அக்கா' என்று கூப்பிடுவார்களாம். முன்னாலும் கூப்பிட்டிருப்பார்கள், அவளுக்கு அதில் பெருமைதான். சுவரைப் பார்த்தால் முதலில் உள்ளங்கையை வைப்பாள், ஜுரம் பார்க்கிற மாதிரி, அப்புறம்தான் கேமரா. சிவப்பு என்றால் உடனே போய்ப் பார்க்க வேண்டும், மஞ்சள் என்றால் மழைக்குப் பிறகு, பச்சை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நேற்று தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னாள். "சார், தலைவர் சொல்லிட்டாரு, அக்காவோட ஃபைல்ல எதுக்குச் சிவப்பு, மஞ்சள் மார்க் இருக்கோ அதை மட்டும் மறுபடி எடுங்க, அந்த மார்க் இல்லாததெல்லாம் முடிஞ்சதா வச்சிக்கலாம்னு. ஆள் இல்ல சார், நான் ஒருத்தி எத்தனை இடத்துக்குத்தான் போவேன்?" ஆக, இந்த மொட்டைப் படங்கள் இப்படியே போனால் எல்லாமே முடிந்த கணக்கில் சேரும். சிவப்பும் சேரும். அந்தச் சிவப்புக்குக் கீழே யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், யாராவது குழந்தையைப் படியேற்றிக்கொண்டு போவார்கள்… புள்ளி போனால் போகட்டும் என்று விடுகிற புள்ளியா இது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்றால் அவளுடைய தம்பி, கணினி பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன், இந்த டிஸ்க்கைக் கொடுத்தவனும் அவனே, ரெண்டு வகையிலயும் ஓடும் மாமா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க என்று சொல்லிக் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். தொலைபேசியில் அவனுக்குப் பின்னால் யாரோ வாடிக்கையாளர் கத்துவதும் ஒரு மின்விசிறி கடகடப்பதும் கேட்டது. இவர் சொல்லி முடிக்கும்வரை அவன் உம் கொட்டினான், அந்தப் புள்ளி வைத்த குட்டிக் கோப்புகள் என்றதும் உம் நின்றுவிட்டது.

"அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சிட்டேன். குப்பைதானே."

"ஐயோ மாமா."

"என்னய்யா ஐயோ? போன வருஷம் நீதானே சொன்ன, இந்த மாதிரி வந்தா குப்பை, யோசிக்காம தூக்கிப் போடுங்கன்னு."

"சொன்னேன். எல்லாக் கஸ்டமருக்கும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன், கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து. எத்தனை பேரு சாபம் விட்டிருப்பானோ… கேளுங்க மாமா. அக்கா மெஷின்ல ஃபைலுக்கு உள்ள இருக்கறது ஒண்ணு, ஃபைலுக்கு மேல ஒட்டி வச்சிருக்கறது ஒண்ணு. கலர், அக்கா எழுதின கமெண்ட்டு, எல்லாம் மேல ஒட்டினது. எக்ஸ்டெண்டட் அட்ரிப்யூட்னு பேரு. நான் குடுத்த டிஸ்க்ல அந்த மாதிரி ஒட்டறதுக்கு இடமே கிடையாது. அதனால அக்கா மெஷின் என்ன பண்ணுச்சு, ஒட்டினதைப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி ஃபைல் போட்டு, பக்கத்துலயே பத்திரமா வச்சு அனுப்புச்சு. நீங்க குட்டியை அழிச்சிட்டு அம்மாவை வச்சிருக்கீங்க."

இவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அவள் இருந்திருந்தால் இதை இன்னும் ஒரு வருஷத்துக்கு ஓட்டியிருப்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பாள், இவரு இருக்காரே, கமாவைக் கொல்றதுக்குன்னே பொறந்தவரு, கை சும்மா இருக்காது… நல்ல வேளை, அசல் இன்னும் இடதுபுறத்தில் இருக்கிறது, அதை ஒன்றும் செய்யவில்லை, செய்யவில்லை அல்லவா? ஒரு முறை பார்த்துக்கொண்டார். சிவப்பு இருந்தது. மஞ்சள் இருந்தது. "அசல் இருந்தா போதும்," என்றான் மாப்பிள்ளை, "ஆனா மறுபடி அப்படியே காப்பி பண்ணிப் பிரயோஜனம் இல்ல. குட்டியோட அனுப்பினாலும் அவங்க ஆபீஸ் மெஷினுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மூட்டையா கட்டிக் குடுத்தாலும் அங்க போய்ப் பிரிச்சா உதிர்ந்துடும். நானே வரேன் உள்ள. அக்கா மெஷினை நெட்ல போடுங்க."

உள்ளே வருவது என்றால் கடையில் உட்கார்ந்தபடியே இங்கே இருக்கும் திரையை ஆட்டுவது. ஏதோ எண் சொன்னார், ஏதோ அனுமதி என்று சொடுக்கினார், அதன் பிறகு அவளுடைய திரையில் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. அம்பு மேலே போனது, கொஞ்சம் தயங்கியது, ஒரு கோப்புறையைத் திறந்தது, மூடியது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டு. பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரி என்று சொல்ல முடியாது, தம்பிதானே ஆட்டுகிறான், கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து… இருந்தாலும் அந்தத் தயக்கம் அவளுடையது மாதிரியே இருந்தது, அவளும் எதையாவது திறக்கும் முன் இப்படித்தான் ஒரு நொடி நிற்பாள், ரத்தம் ஒன்று அல்லவா, கைக்கும் அது வருமோ, மவுஸைப் பிடிக்கிற விதத்திலும் குடும்ப ஜாடை உண்டோ? சே, என்ன யோசனை இது. மாப்பிள்ளை காதில் பேசிக்கொண்டே இருந்தான். புள்ளியின் நிறத்தை எடுத்துப் படத்தின் பெயரிலேயே எழுத்தாகச் சேர்த்துவிடுவானாம், சிவப்பு என்றால் பெயரின் முடிவில் சிவப்பு என்றே வரும், பெயரை எந்தக் கணினியும் தூக்கிப் போடாது. அவள் எழுதிய வரிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக மாற்றிப் படத்தின் பக்கத்தில் வைத்துவிடுவான். எடுத்த தேதியையும் அப்படியே, ஏனென்றால் படியெடுக்கும்போது சில சமயம் அதுவும் இன்றைய தேதியாக மாறித் தொலைக்குமாம், எல்லா விரிசலும் இன்றைக்கு விட்ட மாதிரி ஆகிவிடும். "முதல்ல ஒரே ஒரு படத்துல பண்ணிப் பார்ப்போம் மாமா, எடுத்தவுடனே எல்லாத்துலயும் கை வைக்க வேணாம்." சரி என்றார். காலையில் இந்தப் புத்தி தனக்கு இருந்திருக்கலாம்.

ஒரு படம் வந்தது. டிஸ்க்கில் ஏற்றி மாற்றிச் செருகிப் பார்த்தால் வலதுபுறக் கணினியில் அதே சுவர், பெயரின் முடிவில் மஞ்சள் என்ற சொல், பக்கத்தில் ஓர் எழுத்துக் கோப்பு, திறந்தால் அவளுடைய வரி. 'ஈரம் மேலேருந்து வருது. கீழ தேடாதே' என்று இருந்தது. முற்றுப்புள்ளி ஒன்று இல்லை. அவர் கை சேர்க்கப் போய் நின்றது. இதில் கை வைத்தால் இதுவும் இன்றைய தேதியாகிவிடும். அப்படியே இருக்கட்டும். பிறகு மாப்பிள்ளை மொத்தமாக ஓட்டினான், பெயர்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி ஓடின, இவர் எழுத்துக் கோப்புகளைக் கண்ணில் பட்டபடி திறந்தார். 'காவலாளி நல்லவர், டீ வாங்கிக் குடுத்தார், சுவர்தான் மோசம்.' 'போன தடவை பார்த்தப்போ இவ்ளோ இல்ல.' 'பூச்சுதான், பயப்படாதே' என்று ஒன்று, யாரைச் சொன்னாள், தன்னைத்தானா, பின்னால் பார்க்க வருகிறவரையா? 'இந்தப் படியில யாரும் ஓடக் கூடாதுன்னு சொல்லியாச்சு, ஓடுவாங்க.' படிக்கப் படிக்கக் குரலே கேட்டது, மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசுகிற அந்தக் குரல், தூசி ஒத்துக்கொள்ளாது அவளுக்கு, தூசியிலேயே வேலை. இந்த வரிகளை அவர் முன்பு ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை, பார்க்கத் தோன்றியதில்லை, அவள் ராத்திரி சாப்பாட்டின்போது சொல்வாள், அவர் கேட்பார், பாதி கேட்பார், மீதி அச்சகத்தின் தாளில் இருக்கும். அவள் அவருடைய தாள்களைப் படித்தாளா என்றால் அதுவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான பிழையைத் தேடிக்கொண்டு இத்தனை வருஷம் நன்றாகவே இருந்தார்கள்.

"மாமா, முடிஞ்சிடுச்சு. சிவப்பு வந்திருக்கா பாருங்க."

"வந்திருக்கு."

"மஞ்சள், பச்சை?"

"இருக்கு. சாம்பல்னு ஒண்ணும் இருக்கே, அது என்ன?"

"அக்கா வச்சிருந்தா வந்திருக்கும். நான் வந்ததை எடுத்துப் போட்டேன், அவ்ளோதான். அர்த்தம் எல்லாம் எந்தக் கம்பியூட்டர்லயும் ஏறாது மாமா. சரி, சாப்பிட்டீங்களா? சாப்பிடலைன்னு தெரியும். போயி சாப்பிடுங்க." வைத்துவிட்டான். அம்பு அசையாமல் நின்றது.

சாம்பல். அவர் அந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடினார், வலதுபுறக் கணினி தேடிக் கொண்டுவந்து நிறுத்தியது, ஒரு திரை அளவு படங்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கும் பக்கத்தில் எழுத்துக் கோப்பு இல்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்கிறவள், டீ வாங்கிக் கொடுத்த காவலாளியைக் கூட எழுதி வைத்தவள், இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை என்றால்? சொல்ல ஒன்றுமில்லையா, அல்லது… ஒரு நூலகத்தின் கூரை, உத்தரத்துக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு, கீழே வரிசையாக நாற்காலிகள். ஒரு மருந்தகத்தின் நடைவழி. இரண்டு கட்டடங்களை இணைக்கிற ஒரு மேல்பாலம், அதன் அடிவயிறு. சாம்பல் என்றால் சாதாரண வழக்கில் ஒதுக்கியது, அணைந்தது, திரையில் கூட வேலை செய்யாத பொத்தானைச் சாம்பலாகத்தான் காட்டுவார்கள். அப்படியானால் முடிந்தது. ஆனால் முடிந்ததற்குத்தான் பச்சை இருக்கிறதே, இரண்டு நிறம் எதற்கு? மெய்ப்பில் அவருக்கும் ஒரு குறி உண்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சுழி, தப்பா சரியா என்று தெரியாத இடத்தில் போடுவது, ஆசிரியரைக் கேட்க வேண்டும் என்று, அச்சகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சுழி என்னவென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் அவர் தினமும் போகிறார், கேட்டால் சொல்வார். கேட்டால் சொல்வார் என்பதுதான் விஷயம்.

அந்தப் பெண் வந்தபோது வெயில் தாழ்ந்து கூடத்துக்குள் வந்திருந்தது. வாசலிலேயே செருப்போடு நின்று கழற்றவா வேண்டாமா என்று பார்த்தாள், தோளில் ஒரு பை, பையிலிருந்து ஒரு இரும்பு அளவுகோல் நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதுதான், ஆனால் கூடத்துக்குள் வந்ததும் அவள் கண் முதலில் கூரையைத்தான் பார்த்தது, அப்புறம் மூலைகளை, அப்புறம்தான் அவரை. சிரிப்பு வந்தது அவருக்கு. தொழில் வியாதி. தண்ணீர் வாங்கிக் குடித்தாள், சௌகரியமா சார் என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகச் சங்கடப்பட்டாள். அவர் டிஸ்க்கைக் கொடுத்து, பெயரிலேயே நிறம் இருக்கிறது, பக்கத்தில் உள்ள எழுத்துக் கோப்புகளை யாரும் அழித்துவிடாதீர்கள் என்று சொன்னார், காலையில் தான் செய்த காரியத்தையும் சொன்னார், அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "அக்கா இருந்திருந்தா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாங்க சார்," என்றாள்.

"சாம்பல்னா என்னம்மா?"

"சாம்பலா? எங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை மூணுதான் சார் சொல்லிக் குடுத்தாங்க. நாலாவது ஒண்ணு வச்சிருந்தாங்களா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள். நூலகத்தில் நின்றாள். "இது நானும் போன இடம் சார். நான் கேட்டேன், இந்தக் கோடு என்னன்னு. அக்கா ஒண்ணும் சொல்லல, வா போலாம்னுட்டாங்க. சரி, ஒண்ணுமில்ல போலன்னு நானும் விட்டுட்டேன்." நகத்தால் மேசையைத் தட்டினாள். "முடிஞ்சதுன்னா பரவால்ல. முடியலன்னா… அங்க குழந்தைங்க உட்கார்ற பக்கம் சார் அது. எதுவும் தெரியாம தலைவர்கிட்ட போயி மூடச் சொல்லுங்கன்னு சொன்னா என்னை முதல்ல மூடிடுவாரு. அக்கா வீட்ல ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

சொல்லியிருப்பாளா? நூலகம் என்று ஒரு நாள் பேச்சு வந்ததா, வந்தது, ஆனால் அது அங்கே பார்த்த ஒரு அகராதியைப் பற்றி, உங்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னாள். மேல்பாலம்? இல்லை. மருந்தகம்… அவர் நினைவைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் விரல் கடைசிப் படத்துக்கு வந்துவிட்டது, அவள் அதைத் தாண்டப் போனாள், அவர் இரு என்றார். ஒரு சுவர், வெள்ளை, மேலிருந்து சாய்வாக இறங்குகிற ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் அளவுகோல். எந்தச் சுவராகவும் இருக்கலாம். ஆனால் ஓரத்தில் ஒரு மின்விசைப் பலகையின் கால்வாசி தெரிந்தது, பலகையின் மேல் வெள்ளைச் சாயம் ஒழுகி உறைந்த ஒரு நாக்கு. அந்த நாக்கு அவருக்குத் தெரியும். சாயம் அடித்தவனிடம் சண்டை போட்டதே அவர்தான்.

"இது இங்கதான்," என்றார். "உள்ரூம்."

உள்ளறையில் அந்தச் சுவரை மின்விசைப் பலகை வரைக்கும் மறைத்துக்கொண்டு புத்தக அலமாரி இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பக்கத்தை இழுத்தார்கள், அவர் நகராது என்று நினைத்தார், லேசில் நகர்ந்தது, கால்களுக்கு அடியில் யாரோ கம்பளித் துண்டு வைத்திருந்தார்கள், யாரோ என்ன, அவள்தான். அந்தப் பெண் கைப்பேசி விளக்கை இடுக்கில் அடித்துத் தலையை உள்ளே விட்டாள். விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு, "சார், வந்து பாருங்க," என்றாள், குரல் மாறியிருந்தது. கோடு இருந்தது. கோட்டுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு சின்னக் கீறல், பக்கத்தில் பொடி எழுத்தில் மாதமும் வருஷமும். அதற்குக் கீழே இன்னொரு கீறல், இன்னொரு மாதம். அதற்குக் கீழே இன்னொன்று. ஏணிப்படி மாதிரி இறங்கின. "நுனி எங்க நிக்குதோ அங்க கோடு போடுவோம் சார். அடுத்த தடவை வரும்போது தாண்டியிருக்கான்னு பார்க்கறதுக்கு. சொல்லிக் குடுத்ததே அக்காதான்." அவள் கடைசிக் கீறல் வரை விளக்கை இறக்கினாள், விரலை வைத்துப் பார்த்தாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொண்டு மறுபடி பார்த்தாள். "தாண்டியிருக்கு. கொஞ்சூண்டு."

"வீட்டுக்கு ஆபத்தா?"

"சேச்சே. பூச்சுல போகுது சார், ஒண்ணும் ஆகாது. இப்ப ஆகாது." நிமிர்ந்தாள், தலைமுடியில் ஒட்டடை. "ஆனா முடியல. அக்கா இதை முடிஞ்சதா வைக்கல. நின்னுடுச்சா நகருதான்னு அவங்களுக்கே தெரியாததைத்தான் சாம்பல்ல போட்டிருக்காங்க. தெரியற வரைக்கும் சொல்ல வேணாம்னு. அவங்க பாட்டுக்குப் போயிப் போயி பார்த்துட்டு இருந்திருக்காங்க." கைப்பேசியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள், முகத்தில் ஒரு முடிவு வந்திருந்தது. "நூலகத்துக்கு நாளைக்குக் காலையில முதல் வேலையா போறேன் சார். தலைவர் கத்தினா கத்தட்டும். இந்தச் சாம்பல் எல்லாத்துக்கும் போறேன்." போகும்போது கணினியைப் பையில் வைத்துக்கொண்டாள், அது இவ்வளவு சின்னதா என்று அவருக்குத் தோன்றியது, இத்தனை நாள் மேசையை அடைத்துக்கொண்டு இருந்த பொருள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அலமாரியை நான் தள்ளிட்டுப் போகவா சார் என்று கேட்டாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. உள்ளறைக்கு வந்து நின்றார். வேலை முடிந்தது, ஒன்றும் உதிரவில்லை, சிவப்பு சிவப்பாகவே போய்விட்டது, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சாப்பிடவும் வேண்டும்… இந்த அலமாரி அவள் இருந்தவரை சுவரோடு ஒட்டி நின்றதே இல்லை, அது அவருக்கு எப்போதும் ஒரு உறுத்தல், ஏன் இப்படி நடு அறையில் நிற்கிறது என்று கேட்டால், காத்துப் போகணுங்க, இல்லைன்னா உங்க புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடிச்சிடும் என்பாள், நியாயமான பதில், அவரும் ஏற்றுக்கொண்டார், அவள் போன பிறகு ஒரு நாள் பெருக்கும்போதுதான் ஒரே தள்ளாகத் தள்ளிச் சுவரோடு சேர்த்தார். காற்றுக்காகவா விட்டிருந்தாள், இதற்காகவா? இரண்டுக்குமாக இருக்கலாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கேட்டபோது அந்தப் பதிலைத்தான் எடுத்துக் கொடுத்தாள், மற்றதைப் பின்னால் வைத்துக்கொண்டாள், அவர் அச்சகத்துக்குப் போன நேரத்தில் இடுக்கில் தலையை விட்டுப் பென்சிலால் கீறிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, அவர் வரும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள். வேறு எதையெல்லாம் அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்? தெரியற வரைக்கும் சொல்ல வேணாம்… கடைசிக் கீறலின் மாதத்தைப் பார்த்தார், அப்போது அவளுக்குப் படியேறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது, தூசிதாங்க என்றாள், தூசி ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மை. அவர் மேசையிலிருந்து தன் பென்சிலை எடுத்து வந்தார், நுனி இப்போது நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, கீறினார், மாதத்தை எழுதினார். பிறகு அலமாரியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். எவ்வளவு இடம் விட்டிருந்தாள் என்று நினைவில் இல்லை, தினமும் பார்த்ததுதான், ஒரு கை போகிற அளவு என்று நினைப்பு. கையை விட்டுப் பார்த்தார், போகவில்லை, அலமாரியை இழுத்தார், மறுபடி விட்டுப் பார்த்தார், மணிக்கட்டு வரை போய் நின்றது. ஒரு கை என்றால் அவருடைய கையா, அவளுடைய கையா…